வண்டியே பிரேக் பிடிக்குமாமே, அண்ணாச்சி? – ஓட்டுநர் உதவிக் கருவிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் இருபத்திரண்டு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். முன்பு லைசென்ஸ் எடுக்க நினைப்பவர்கள்தான் வருவார்கள். மூன்று நான்கு வருடமாக வேறு மாதிரி ஆட்களும் வருகிறார்கள். பத்துப் பதினைந்து வருடம் ஓட்டிப் பழகியவர்கள் புது வண்டி எடுத்துவிட்டு, "அண்ணாச்சி, இது நம்ம சொல்லுக்கு நிக்க மாட்டேங்கு, ஒருநாள் கூட வந்து பாருங்க" என்று கூப்பிடுகிறார்கள்.

கருவியைப் பற்றிய சந்தேகம் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கருவி வந்தபிறகு தன்னுடைய ஓட்டு எப்படி மாறியிருக்கிறது என்று ஒருவருக்குப் புரியவைக்கத்தான் நாளாகிறது. அந்தக் கேள்விகளை, கேட்டவர்கள் வாயில் வந்தபடியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

அடாஸ் அடாஸ்ங்காங்களே, அப்படின்னா என்னது?

ஓட்டுகிறவருக்கு உதவியாக வண்டியில் வைத்திருக்கும் கருவிகளுக்கு மொத்தமாக அந்தப் பெயர். முன் கண்ணாடியில், உள்ளே பார்க்கும் மிரருக்குப் பின்னால் ஒரு கேமரா இருக்கும். முன் பம்பரிலோ கிரில்லிலோ ரேடார் இருக்கும். பம்பரில் பொட்டுப் பொட்டாகத் தெரிவது கிட்டத்தில் உள்ளதை ஒலியால் அறியும் சென்சார்.

இவற்றில் சில கத்தும், சில செய்யும். கோடு தாண்டினால், முன்வண்டியை நெருங்கினால், பக்கவாட்டில் பைக் வந்தால் கத்துவது ஒரு வகை. தானே பிரேக் பிடிப்பது, ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்புவது, முன்வண்டிக்குத் தக்கபடி வேகத்தைக் கூட்டிக் குறைப்பது இன்னொரு வகை. கத்துகிற வகையையும் செய்கிற வகையையும் ஒரே பொருளாக நினைத்துக்கொள்வதுதான் முதல் குழப்பம். 1978-ல் ஜெர்மனியில் வந்த ஏபிஎஸ்ஸும் (பிரேக்கை அழுத்தி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) இதே குடும்பத்தின் மூத்த பிள்ளைதான்.

லெவல் 2-ன்னு போட்டிருக்கான். அப்போ தானா ஓடுமா?

ஓடாது. 0 முதல் 5 வரை படி வைத்திருக்கிறார்கள். 2 என்றால் ஸ்டீயரிங்குக்கும் வேகத்துக்கும் ஒரே சமயத்தில் வண்டி கை கொடுக்கும், ஆனால் ஓட்டுகிறவர் நீங்கள்தான், பார்க்க வேண்டியவரும் நீங்கள்தான் என்று அர்த்தம். இன்று நம் ஊரில் ஓடும் எந்தக் காரிலும் இதைத் தாண்டி எதிர்பார்க்காதீர்கள்.

இதுனால நெசமாவே ஆக்சிடென்ட் குறையுதா, இல்ல விக்கிறதுக்குச் சொல்லுதாங்களா?

சிலவற்றால் நன்றாகவே குறைகிறது. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் பணம் போட்டு நடத்தும் ஐஐஹெச்எஸ் என்ற நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு, காவல்துறையில் பதிவான விபத்துகளை வைத்துக் கணக்கெடுத்தது. முன்னால் போகும் வண்டியின் பின்பக்கம் இடிக்கிற விபத்து, தானே பிரேக் பிடிக்கும் வண்டிகளில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. வெறும் எச்சரிக்கை மட்டும் கொடுக்கும் வண்டிகளில் 27 சதவீதம் குறைந்திருந்தது. இது சின்ன விஷயம் இல்லை. புது வண்டி எடுக்கப்போகிறவர்களிடம், பணம் இருந்தால் இதை விட்டுவிடாதீர்கள் என்றுதான் நான் சொல்கிறேன்.

ஆனால் லெவல் 2 என்று பெருமையாகப் பேசப்படுகிற, நெடுஞ்சாலையில் வண்டியைக் கோட்டுக்குள் பிடித்துக்கொண்டு போகிற ஏற்பாட்டால் விபத்து குறைந்தது என்பதற்கு 2024-ல் அவர்கள் தேடிப் பார்த்தும் அத்தாட்சி கிடைக்கவில்லை. ஆபத்து நேரத்தில் மட்டும் குறுக்கே வருகிற கருவி காப்பாற்றுகிறது. எந்நேரமும் கூடவே ஓட்டுகிற கருவி சொகுசைத் தருகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கருவியில் இல்லை, அது நம்மை என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது. இனி வரும் பதில்கள் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

பாதுகாப்பு கூடுனா நான் ஏன் வேகமா போகப்போறேன்? நான் அப்படிப்பட்ட ஆளு இல்ல.

எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நானும் சொன்னவன்தான். 1980-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் முனிச் நகரத்தில் ஒரு டாக்ஸி கம்பெனியில் சில வண்டிகளுக்கு ஏபிஎஸ் இருந்தது, சிலவற்றுக்கு இல்லை. ஒரே ஊர், ஒரே தொழில். ஆய்வாளர்கள் பயணிபோல ஏறி உட்கார்ந்து, ஓட்டுகிறவருக்குத் தெரியாமல் குறித்துக்கொண்டார்கள். ஏபிஎஸ் வண்டியில் இருந்தவர்கள் வளைவை வெடுக்கென்று திருப்பினார்கள், கோட்டை ஒழுங்காகப் பிடிக்கவில்லை, மற்ற வண்டிகளோடு உரசப் பார்த்த சந்தர்ப்பமும் அதிகம். மூன்று வருடக் கணக்கைப் பார்த்தால் ஏபிஎஸ் வண்டிகளின் விபத்து குறையவில்லை. கருவி கொடுத்த இடைவெளியை மனுஷன் செலவழித்துவிட்டான்.

இதை ஓர் அத்தாட்சியாகக் காட்டிய, கனடாவில் இருந்த ஜெரால்டு வைல்டு என்ற உளவியல் பேராசிரியர், ஒவ்வொருவரும் மனசுக்குள் ஓர் அளவு ஆபத்தை ஒத்துக்கொண்டிருக்கிறோம், ஒரு பக்கம் குறைந்தால் இன்னொரு பக்கம் கூட்டி அந்த அளவுக்கே வந்துவிடுகிறோம் என்றார். எதிர்ப்பக்க உதாரணம் சுவீடன். 1967 செப்டம்பர் 3-ஆம் தேதி அந்த நாடு முழுவதும் இடப்பக்கம் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் வலப்பக்கத்துக்கு மாறினார்கள். எல்லோரும் இடித்துக்கொள்வார்கள் என்று பயந்தால், விபத்து குறைந்துபோனது. பயந்து பயந்து ஓட்டினார்கள். பழகியதும் பழைய கணக்குக்கே திரும்பிவிட்டது. மழை கொட்டும்போது நம் ஈரடுக்கு மேம்பாலத்தில் எல்லா வண்டியும் பைய ஊர்ந்து போவதும், மழை விட்ட மறுநிமிஷம் பறப்பதும் இதே சங்கதிதான்.

வைல்டு சொன்ன அளவுக்கு எல்லாமே ஈடாகிவிடும் என்று நான் நம்பவில்லை. சீட் பெல்ட் உயிரைக் காக்கத்தான் செய்கிறது. இத்தனை வருடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்ததில் எனக்குத் தோன்றுவது வேறு: ஒரு கருவி வேலை செய்வது நமக்குத் தெரியத் தெரிய, நம் ஓட்டு மாறுகிறது. ஏர்பேக் இருக்கிறதென்று யாரும் ஆக்சிலேட்டரை மிதிப்பதில்லை, அது ஞாபகத்திலேயே இருக்காது. காலை எடுத்தாலும் போட்ட வேகத்திலேயே வண்டியை ஓட்டும் க்ரூஸ் கண்ட்ரோலும் ரிவர்ஸ் கேமராவும் நிமிஷத்துக்கு நிமிஷம் கண்ணில் படுகிறவை. அவைதான் நம்மை மாற்றுகின்றன.

க்ரூஸ் போட்டுட்டா நான் நிதானமாத்தான் போறேன். அதுல என்ன தப்பு?

கால் வலி குறையும், வேகம் ஒரே சீராக இருக்கும், முன்வண்டிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போவதும் குறையும். இது நல்லதுதான். ஆனால் ஐஐஹெச்எஸ் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், முன்வண்டிக்குத் தக்கபடி வேகத்தை மாற்றிக்கொள்ளும் க்ரூஸ் கண்ட்ரோலைப் போட்டவர்கள் வேக வரம்பைத் தாண்டுவது 24 சதவீதம் அதிகமாக இருந்தது.

காரணம் எளிது. காலால் ஓட்டும்போது மூன்றடைப்பில் ஆட்கள் நடமாட்டத்தைப் பார்த்தால் கால் தானாகவே தளரும். பட்டனில் எண்ணைப் போட்டுவிட்டால் அந்த எண்தான் ஓட்டுகிறது. வள்ளியூரில் போட்ட 100, நாங்குநேரி தாண்டியும் 100-ஆகவே இருக்கிறது. க்ரூஸ் போட வேண்டுமென்றால் பலகையில் இருக்கிற வேகத்துக்கு ஐந்து குறைத்துப் போடுங்கள். ஊர் விலக்கு வந்தால் பிரேக்கை லேசாகத் தொட்டு அணைத்துவிடுங்கள்.

முன்னால கேப் விட்டா பஸ்காரரு வந்து பூந்துடுதாரு. கேப்பைக் குறைச்சு வச்சுக்கலாமா?

க்ரூஸில் முன்வண்டிக்கு விடச் சொல்லிவைக்கும் இடைவெளியைத்தானே கேட்கிறீர்கள்? குறைக்காதீர்கள். 90 கி.மீ. வேகத்தில் வண்டி வினாடிக்கு 25 மீட்டர் போகிறது. இரண்டு வினாடி இடைவெளி என்றால் 50 மீட்டர். சராசரி ஆள் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்கவே ஒன்றரை வினாடி ஆகிவிடும். அந்த 50 மீட்டர் நம் ஊரில் இரண்டு பஸ் நுழையும் இடமாகத்தான் தெரியும், அது வாஸ்தவம்.

பஸ் நுழைந்ததும் வண்டி திடீரென்று பிரேக் பிடிக்கும். உங்களுக்கு ஆபத்தில்லை, பின்னால் வருகிறவருக்கு ஆபத்து. அதனால் பஸ்ஸின் முன்சக்கரம் உங்கள் பக்கம் திரும்புவதைப் பார்த்தவுடனேயே நீங்களாகவே காலைப் பிரேக்கில் வைத்துப் பைய இறக்குங்கள். முன்னால் வந்து நுழைந்தபிறகுதான் வண்டியின் கண்ணுக்கு அது பஸ். நமக்கு, டிரைவர் மிரரைப் பார்க்கும்போதே அது பஸ். தச்சநல்லூரிலிருந்து வண்ணாரப்பேட்டை வரை உள்ள நெரிசலில் க்ரூஸ் போடுவதே வேண்டாம்.

வண்டி தானா பிரேக் பிடிக்கும்போது நாம எதுக்குக் காலை வச்சுக் காத்துக்கிட்டு இருக்கணும்?

இந்தக் கேள்விக்கு ஒரு சாயங்காலத்தைச் சொல்கிறேன். நாங்குநேரிப் பக்கம் நாலுவழிச் சாலையில், புது வண்டி எடுத்த ஒருவரோடு போய்க்கொண்டிருந்தேன். அவருடைய சொந்த வண்டி, என் பக்கம் பிரேக் கிடையாது. க்ரூஸில் 85 ஓடுகிறது. பொழுது அடைகிற நேரம். இடப்பக்கத் தடத்தில் டயர் வெடித்த லாரி ஒன்று நிற்கிறது, பின்விளக்கு எரியவில்லை. லாரிக்கு முப்பது நாற்பது மீட்டர் பின்னால் ரோட்டில் கல்லும் வேப்பங்கொப்பும் போட்டிருந்தார்கள். நம் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவருக்கும் தெரியும். "என்னமோ கொப்பு கெடக்கு" என்று வாயால் சொன்னார். கால் அசையவில்லை. வண்டி பார்த்துக்கொள்ளும் என்று கால் காத்திருந்தது. நான் "பிரேக்" என்று கத்தியபிறகுதான் மிதித்தார். லாரியின் பின்பலகையில் அடித்திருந்த மஞ்சள் பெயின்ட் உரிந்திருந்தது தெரிகிற தூரத்தில் நின்றோம். ஒடிந்த கொப்பு ஒன்று பம்பருக்கு அடியில் மாட்டிக்கொண்டு வந்திருந்தது.

ரேடாருக்கு ரோட்டோரப் பலகை, பாலம், நடுத்திட்டுக் கம்பி எல்லாவற்றிலிருந்தும் எதிரொலி வரும். நிற்கிற ஒவ்வொன்றுக்கும் பிரேக் பிடித்தால் வண்டி ஓடவே முடியாது. அதனால் வேகமாகப் போகும்போது, அசையாமல் நிற்கிற பொருளைப் பல வண்டிகள் கணக்கில் எடுப்பதில்லை, அல்லது தாமதமாக எடுக்கின்றன. உங்கள் வண்டியோடு கொடுத்த புத்தகத்தில், நிற்கும் வண்டியைக் க்ரூஸ் கண்டுகொள்ளாமல் போகலாம் என்று ஒரு வரி இருக்கும், எடுத்துப் பாருங்கள். வேப்பங்கொப்பு என்ன சொல்கிறது என்பது எந்தக் கேமராவுக்கும் தெரியாது. அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

திருச்செந்தூருக்கு ராத்திரி நடந்து போறவங்களை வண்டி பாக்குமா?

பார்க்கும் என்று நம்பி ஓட்டக் கூடாது. நடந்து போகிறவருக்காகப் பிரேக் பிடிக்கும் கருவியால் அத்தகைய விபத்து மொத்தத்தில் 27 சதவீதம் குறைந்தது என்று மேலே சொன்ன அதே அமைப்பு 2022-ல் கணக்குக் காட்டியது. ஆனால் தெருவிளக்கு இல்லாத இருட்டு ரோட்டில் வித்தியாசமே இல்லை. 2025 தொடக்கத்தில் அவர்கள் செய்த இன்னொரு சோதனை எனக்குத் தூக்கம் வராமல் செய்தது. இரவில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று ஒளி திருப்பும் பட்டை போட்ட உடுப்பை மாட்டிய பொம்மையை, சோதித்த மூன்று வண்டிகளில் இரண்டு சரியாகக் கண்டுகொள்ளாமல் மோதின.

தைப்பூசத்துக்கும் வைகாசி விசாகத்துக்கும் பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் வரை ரோட்டோரம் முழுக்கப் பச்சை உடுத்திய கூட்டம் நடந்து போகும். குழந்தையைத் தோளில் போட்டிருப்பார்கள், காவடி இருக்கும், சிலர் ரோட்டோரத்திலேயே துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். நடந்து போகிறவர்களுக்குச் சொல்வது: பட்டையை ஒட்டிக்கொள்ளுங்கள், ஓட்டுகிற மனுஷக் கண்ணுக்கு அது தெரியும். ஓட்டுகிறவர்களுக்குச் சொல்வது: அந்த நாட்களில் அந்த ரோட்டில் 40-க்கு மேல் வேண்டாம். எந்தக் கருவியையும் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஸ்டீயரிங்கு தானா இழுக்கு, பயமா இருக்கு. அதை அணைச்சிரலாமா?

இண்டிகேட்டர் போடாமல் கோட்டைத் தாண்டினால்தான் இழுக்கும். இண்டிகேட்டர் போட்டுத் தாண்டினால் சும்மா இருக்கும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து ஆய்வு நிலையத்தார் சாதாரண ஆட்களிடம் கோடு தாண்டினால் எச்சரிக்கிற வண்டிகளைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தபோது, இண்டிகேட்டர் போடும் பழக்கம் கூடியது. கருவி நம்மை நல்ல பக்கம் மாற்றிய உதாரணம் இது. இருபத்திரண்டு வருடமாக நான் கத்திக் கத்திச் சொல்லி நடக்காததை, ஸ்டீயரிங்கில் வரும் ஒரு சின்ன நடுக்கம் மூன்று வாரத்தில் செய்துவிடுகிறது. நாலுவழிச் சாலையில் இருக்கட்டும்.

ஆனால் அம்பாசமுத்திரம், முக்கூடல், களக்காடு போகிற ரோடுகளில் அணைத்துவிடுங்கள். அங்கே கோடு பாதி அழிந்திருக்கும். அறுவடை நேரத்தில் ஒரு பக்கம் நெல்லையோ உளுந்தையோ காயப்போட்டு, ஓரத்தில் கல் வரிசை வைத்திருப்பார்கள். நாம் விலகும்போது வண்டி திரும்ப உள்ளே இழுக்கும். பணகுடி தாண்டி, காவல்கிணறு, ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடிக் காற்று வண்டியையே தூக்குகிற மாதிரி அடிக்கும். அங்கே இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் அழுத்தமாக இருக்க வேண்டும். கருவி திருத்திக்கொண்டே வந்தால், காற்று எவ்வளவு பலமாக அடிக்கிறது என்பதே கைக்குத் தெரியாமல் போகிறது.

சத்தம் தாங்கல அண்ணாச்சி. எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டேன். சரிதானே?

எல்லாவற்றையும் அணைத்தது சரியில்லை. டவுன் ரதவீதியில் பைக்கும் ஆட்டோவும் உரசிக்கொண்டு போகும்போது ஒவ்வொன்றுக்கும் கத்தினால் யாருக்கும் வெறுத்துப்போகும், அது நியாயம். அதைவிட ஆபத்து, அணைக்காமலே காது பழகிப்போவது. 2019 ஜூலை முதல் நம் நாட்டில் தயாராகும் கார்களில் 80-ஐத் தாண்டினால் விட்டு விட்டும், 120-ஐத் தாண்டினால் தொடர்ந்தும் சத்தம் வர வேண்டும். இன்று நாலுவழிச் சாலையில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் காலை எடுக்கிறவரை நான் பார்க்கவில்லை. பாட்டுச் சத்தத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். சீட் பெல்ட் சத்தத்தை ஏமாற்றப் பொய்க் கொக்கி விற்றார்கள். 2023-ல் இணைய விற்பனைத் தளங்களிலிருந்து அதை எடுக்கச் சொல்லி நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட வேண்டியிருந்தது.

தானே பிரேக் பிடிப்பதை ஒருநாளும் அணைக்காதீர்கள். மோதல் எச்சரிக்கை சீக்கிரம் கத்துகிறது என்றால், செட்டிங்கில் தாமதமாகக் கத்துவதற்கு மாற்றிக்கொள்ளலாம். கோடு எச்சரிக்கையை ஊருக்குள் அணைத்து வெளியே போட்டுக்கொள்ளலாம். ஐரோப்பாவில் 2024 ஜூலையிலிருந்து விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும் வேக எச்சரிக்கைக் கருவி கட்டாயம். அங்கே அதை அணைக்கலாம், ஆனால் அடுத்த முறை ஸ்டார்ட் செய்ததும் தானே உயிர்பெற்றுவிடும். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. அணைப்பது அன்றன்றைக்கு எடுக்கிற முடிவாக இருக்க வேண்டும்.

காபி கப் படம் வரலன்னா தூக்கம் வரலன்னுதானே அர்த்தம்?

இல்லவே இல்லை. சபரிமலை சீசனில் செங்கோட்டை வழியாக விடிய விடிய வேன் ஓட்டும் தம்பிகள் இதைத்தான் சொல்கிறார்கள். தூக்கம் வருகிறது, நிறுத்து என்று திரையில் காபி கப் காட்டும் அந்தக் கருவி பல வண்டிகளில் உங்கள் கண்ணைப் பார்ப்பதில்லை. ஸ்டீயரிங்கை நீங்கள் எப்படி ஆட்டுகிறீர்கள் என்பதை வைத்து ஊகிக்கிறது. ஸ்டீயரிங்கை வண்டியே பிடித்துக்கொண்டு வந்தால் ஊகிக்க அதற்கு என்ன மிஞ்சும்?

கப் வந்தால் நிறுத்துங்கள். கொட்டாவி வந்தால் கப் வராவிட்டாலும் நிறுத்துங்கள். கடையில் ஒரு டீயைக் குடித்துவிட்டு வண்டியைப் பூட்டிக்கொண்டு இருபது நிமிஷம் கண்ணை மூடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் உடம்பு தூங்கத்தான் பார்க்கும், எத்தனை வருட அனுபவமானாலும்.

எங்க வீட்டுக்காரரு மொத ஒரு மாசம் நல்லா கவனமா ஓட்டுனாரு. இப்போ ஸ்டீயரிங்கை விட்டுட்டு போனைப் பாக்காரு. ஏன் இப்படி ஆயிட்டாரு?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்கள் எல்லோரும் பெண்கள். பக்கத்து சீட்டில் இருந்து பார்க்கிறவர்களுக்குத்தான் இது தெரிகிறது.

அவர் சோம்பேறி ஆகிவிடவில்லை, அம்மா. ஐஐஹெச்எஸ்ஸும் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகமும் சேர்ந்து, இருபது பேரிடம் வண்டியைக் கொடுத்து ஒரு மாதம் ஓட்டவிட்டுப் பார்த்தார்கள். ஸ்டீயரிங்குக்கும் சேர்த்து உதவுகிற வண்டி கிடைத்தவர்கள் முதலில் கவனமாகத்தான் ஓட்டினார்கள். மாதக் கடைசியில், இரண்டு கையையும் எடுப்பது, போனைத் தொடுவது போன்ற கவனக்குறைவு இரண்டு மடங்காகிவிட்டது. ஒன்றுமே நடக்காத ஒவ்வொரு நாளும் "ஒன்றும் ஆகாது" என்று மூளைக்குச் சொல்லிக்கொடுக்கிறது.

அதோடு, சும்மா உட்கார்ந்து கண்காணிப்பது மனுஷனுக்கு வராத வேலை. 1948-லேயே இங்கிலாந்தில் நார்மன் மேக்வொர்த் என்பவர், ரேடார் திரையைப் பார்க்கிற ஆட்களுக்காக ஒரு சோதனை வைத்தார். கடிகார முள் நகர்வதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், எப்போதாவது அது இரட்டைத் துள்ளல் துள்ளினால் சொல்ல வேண்டும். அரை மணி நேரத்துக்குள்ளேயே தவறவிட ஆரம்பித்துவிட்டார்கள். 1983-ல் லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற அம்மையார் இன்னும் கூர்மையாக எழுதினார்: சுலபமான வேலையை எல்லாம் எந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, எந்திரத்துக்கு முடியாத கஷ்டமான நேரத்தில் மட்டும் மனுஷனைக் கூப்பிடுகிறோம், அதற்குள் அவனுக்குக் கைப்பழக்கம் போயிருக்கும் என்று. அவர் சொன்னது தொழிற்சாலைகளைப் பற்றி. உங்கள் வீட்டுக்காரர் நாலுவழிச் சாலையில் உட்கார்ந்திருப்பதும் அந்த நாற்காலியில்தான்.

சண்டை போட்டுப் பயன் இல்லை. போனை உங்கள் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 80-ல் இரண்டு வினாடி போனைப் பார்த்தால் 44 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு போன மாதிரி என்று ஒருதரம் சொல்லுங்கள். ஸ்டீயரிங் உதவியை அணைத்துவிட்டு வெறும் க்ரூஸை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கைக்கு வேலை இருந்தால் கண் ரோட்டில் இருக்கும்.

ரிவர்ஸ் கேமரா இருக்கு, கழுத்தைத் திருப்பணுமா?

திருப்ப வேண்டும். இதை என் தப்பிலிருந்து கற்றுக்கொண்டேன். கேமரா உள்ள வண்டி வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை, ஒரு மாணவியை ஏற்றிக்கொண்டு அவர்கள் சந்திலிருந்து பின்னால் எடுத்தேன். திரை மங்கலாக இருந்தது. லென்ஸில் சேற்றுத் தண்ணீர். சென்சார் கத்தியது, ஆனால் அந்தச் சந்தில் சுவர் கிட்டத்தில் இருப்பதால் அது எப்போதுமே கத்தும். மங்கலாக இருக்கிறதே என்று நான் கழுத்தைத் திருப்பவில்லை. திரையை இன்னும் உற்றுப் பார்த்தேன். டிக்கியில் யாரோ டப் டப்பென்று அடித்தார்கள். இறங்கிப் போனால், பக்கத்து வீட்டு ஆச்சி கோலம் போடக் குனிந்து உட்கார்ந்த இடத்தில் அப்படியே இருக்கிறார். கோலப்பொடி வைத்திருந்த சிரட்டை என் பின்சக்கரத்துக்கு அடியில் நொறுங்கிக் கிடக்கிறது.

ஆச்சி என்னைத் திட்டவில்லை. "பாத்து எடுய்யா" என்று மட்டும் சொன்னார். இருபது வருடமாக மற்றவர்களுக்குக் கழுத்தைத் திருப்பக் கற்றுக்கொடுத்தவன் நான். அந்தப் பழக்கம் என்னிடமிருந்து எப்போது போனது என்று எனக்கே தெரியவில்லை. அன்றிலிருந்து முதலில் இறங்கிப் பின்னால் ஒரு பார்வை, பிறகு இரண்டு பக்கமும் கழுத்து, கடைசியாகத்தான் திரை. கழுத்து எலும்புத் தேய்மானத்தால் திரும்ப முடியாத பெரியவர்களுக்குக் கேமரா பெரிய உதவி. அவர்கள் இறங்கிப் பார்ப்பதை மட்டும் விடக் கூடாது.

என் வண்டில எல்லாம் இருக்கு, அப்பா வண்டி பழசு. ரெண்டையும் மாத்தி மாத்தி ஓட்டுதேன். பிரச்சினை வருமா?

வரும். யாரும் யோசிக்காத இடம் இது. வண்டி மாறினாலும் கால் மாறுவதில்லை. மேட்டில் பின்னால் உருளாமல் பிடிக்கும் கருவி இரண்டு வினாடிபோலப் பிடித்துக்கொள்ளும். அதில் பழகியவர் அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு புளியரை எஸ் வளைவில் நிறுத்தி எடுத்தால், ஹேண்ட் பிரேக் ஞாபகம் வருவதற்குள் வண்டி பின்னால் இருக்கும் லாரியை நோக்கி உருண்டிருக்கும். ஏபிஎஸ் வண்டியில் பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டே திருப்பலாம். அது இல்லாத பழைய வண்டியில் அப்படி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு நேராகப் போகும்.

பழைய வண்டியில் ஏறியதும் சாவி போடுவதற்கு முன், இதில் என்னென்ன இல்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் ஐந்து நிமிஷம் 40-ல் ஓட்டி, ஆள் இல்லாத இடத்தில் ஒருமுறை பிரேக்கை அழுத்திப் பாருங்கள்.

க்ரூஸ்ல போகும்போது இடிச்சிட்டா கேஸ் யாரு மேல? கம்பெனி மேலயா?

உங்கள் மேல்தான். கண்மூடித்தனமாக ஓட்டியதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவு, கவனக்குறைவால் உயிர் போனால் 106-ஆம் பிரிவு, மோட்டார் வாகனச் சட்டத்தில் 184-ஆம் பிரிவு. மூன்றும் பார்ப்பது ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்த ஆளை. 2018 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனாவில் தானே ஓடும் சோதனைக் கார் ஒன்று, ராத்திரியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்த ஒரு பெண்ணைக் கொன்றது. உள்ளே கண்காணிக்க உட்கார்ந்திருந்தவர் போனில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கில் தண்டனை பெற்றவர் அவர்தான்.

மகளுக்கு டிரைவிங் சொல்லிக்கொடுக்கணும். புது வண்டியிலேயே பழக்கலாமா?

முதல் இருபது வகுப்பு எதுவும் இல்லாத வண்டியில் பழகட்டும். இடைவெளியைக் கண் கற்க வேண்டும், மேட்டைக் கால் கற்க வேண்டும், பின்பக்கத்தைக் கழுத்து கற்க வேண்டும். அதன்பிறகு புது வண்டியில் ஒவ்வொரு கருவியாகப் போட்டு, அது இல்லாமல் செய்ததையே அதோடும் செய்யச் சொல்லுங்கள். எது கத்தியது, எதற்குக் கத்தியது என்று ஓட்டி முடித்ததும் அவள் வாயால் சொல்லட்டும்.

புது வண்டியிலேயே தொடங்கிய பிள்ளைகள் சிலரை எனக்குத் தெரியும். கெட்டிக்காரப் பிள்ளைகள், நன்றாகவே ஓட்டுகிறார்கள். ஆனால் திரையில் பச்சைக் கோடு வராவிட்டால் சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

நீங்க உங்க வண்டில எதெல்லாம் ஆன்ல வச்சிருக்கீங்க, அதைச் சொல்லுங்க.

தானே பிரேக் பிடிப்பது எப்போதும் ஆன். பக்கவாட்டு எச்சரிக்கை ஆன், ஆனால் மிரரைப் பார்த்தபிறகுதான் அந்த விளக்கைப் பார்ப்பேன். கோடு எச்சரிக்கை கயத்தாறு, நாங்குநேரி, தூத்துக்குடி போகிற பெரிய ரோடுகளில் மட்டும். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு வருவதை வாங்கிய வாரமே அணைத்துவிட்டேன். க்ரூஸ் பகலில், ரோடு காலியாக இருந்தால் மட்டும்.

மாதத்துக்கு ஒருநாள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஆலங்குளம் வழியாகத் தென்காசி வரை போய்த் திரும்புகிறேன். போன மாதம் பாவூர்சத்திரம் தாண்டி ஓர் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. மேய்க்கிறவர் கம்பைத் தூக்கியதைப் பார்த்ததுமே கால் பிரேக்குக்குப் போய்விட்டது.